ஸ்டாப்பைத் தவறவிட்டவர்கள்

முடிச்சூரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஜனங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அந்த வருஷம் இல்லை. அதற்கு அடுத்த வருஷம். டிசம்பரில் ஒரு புயல் வந்து ஒரே பகலில் மரத்தையெல்லாம் பிடுங்கிப் போட்டதே, அந்தப் புயல் போன மூன்றாவது நாள். எனக்குத் தேதி நிற்காது. மரம்தான் நிற்கும். சானடோரியத்துக்குப் பக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். ஆட்டோ ஓட்ட வந்த நாளிலிருந்து அதன் நிழலில்தான் டீ குடிப்பேன். அது வேரோடு சாய்ந்து பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. வேரில் ஒரு செருப்பு மாட்டியிருந்தது. யாருடையதோ, எந்தக் காலத்துச் செருப்போ. இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டினால் மரம் ஞாபகம் வருவதில்லை, செருப்புதான் வருகிறது.

அன்றைக்குத்தான் எங்கள் பத்திரிகை பிறந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பஸ் போர்டு படிப்பேன், கடைப் பெயர் படிப்பேன். ஒரு முழுப் பக்கம் படிப்பதற்குள் டீ ஆறிப்போகும். அப்படிப்பட்டவன் ஏழு வருஷம் ஒரு பத்திரிகைக்குக் கதை பொறுக்கிக் கொடுத்தேன். கடைசி இதழில் என் கதையும் ஒன்று வந்தது. அது வருமா, வராதா என்று நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான் போனில் பேசப் பேச, கார் கம்பெனிக்காரர் அதை ஒழுங்கான தமிழில் எழுதிக்கொள்கிறார். அவர் யார் என்று சொல்கிறேன். நடுவில் வேறு எங்காவது போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் கிளம்பி அனகாபுத்தூருக்கு நேராகப் போன ஷேர் ஆட்டோ எதுவும் கிடையாது.

அதுதான் என் ரூட். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அங்கே திரும்பி பம்மல், கடைசியில் அனகாபுத்தூர். அன்றைக்கு என் ஆட்டோவில் ஒரு டீச்சர் ஏறினார். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் சொல்லிக்கொடுப்பவர், வீடு அனகாபுத்தூரில். தினமும் கடைசி ஸ்டாப் வரைக்கும் வருகிறவர், அதனால் பழக்கம். பக்கத்தில் ஒருத்தர். மறைமலை நகரில் கார் கம்பெனியில் வேலை, ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். ரெண்டு பேரும் ஏதோ லைப்ரரியில் பழக்கமானவர்கள். விண்வெளி, எந்திர மனிதன், காலம் தப்பிப் போகிறவன், இந்த மாதிரிக் கதைகளுக்கென்று தனியாக ஒரு பத்திரிகை போட வேண்டும் என்று ரெண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். டீச்சர் நல்ல கதை என்று சொல்வது கார் கம்பெனிக்காரருக்குப் பிடிக்காது. அவர் நல்ல கதை என்பதை டீச்சர் சிவப்பு இங்க் போட்டுத் திருத்திக் கொடுத்துவிடுவார்.

மரம் கிடந்ததால் வண்டி நகரவில்லை. கார் கம்பெனிக்காரர் சொன்னார், "மேடம், பையில வெச்சிருக்கீங்களே அந்தக் கதை, அதையாவது படிங்க. சும்மா உக்காந்து இன்னா பண்றது."

டீச்சர் படித்தார். மேடவாக்கம் பக்கத்தில் ஒரு தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது. அது நம் காலத்து லாரி இல்லை, நூறு வருஷம் தள்ளியிருந்து வருகிறது. தண்ணீர் கொஞ்சம் இனிக்கிறது. டிரைவர் இறங்குவதே இல்லை. ஜனங்கள் குடம் குடமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு அம்மா மட்டும், 'இந்தத் தண்ணி அங்க யார் வூட்டுக்குப் போவ வேண்டியது?' என்று கேட்கிறாள்.

பாதிக் கதையில் ரோடு திறந்துவிட்டது. நான் வண்டியை எடுத்தேன். டீச்சர் நிறுத்தவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஆட்டோவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நானும் இண்டிகேட்டர் போட மறந்து வளைத்தேன். பல்லாவரம் போய்விட்டது. பம்மலும் வந்துவிட்டது. அப்போதுதான் வாழைக்காய் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு தடித்த ஆள் கத்தினார்.

"யோவ் டிரைவர்! பல்லாவரம் இன்னாயா ஆச்சு?"

"அது போயி ரொம்ப நேரம் ஆச்சு நைனா. கொரல் குடுத்தனே, காதுல வுழல?"

"பேஜாரு புடிச்ச பொழப்பா பூடுச்சு! கடைல ஆள நிக்க வெச்சிட்டு வந்துகினுக்கீறன்." மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர் ரெண்டடி நடந்து திரும்பி வந்தார். டீச்சரைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, அந்த லாரி மறுநாளு வந்துச்சா?" என்று கேட்டார்.

நான்தான் சொன்னேன். படிக்காதவன் தைரியம் அது. "டீச்சர், ரெண்டு வருஷமா எது நல்ல கதைன்னு சண்டை போட்டுகினு கீறீங்களே. இதுதான் நல்ல கதை. மனுஷன் ஸ்டாப்பையே வுட்டுட்டாரு பாருங்க."

டீச்சர் கார் கம்பெனிக்காரரைப் பார்த்தார். கார் கம்பெனிக்காரர் டீச்சரைப் பார்த்தார். ரெண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பொங்கல் கழித்து முதல் இதழ் வந்தது. பெயர் 'அடுத்த ஸ்டாப்'. நாற்பது பக்கம், நூறு காப்பி, அட்டையில் ஒரு தண்ணீர் லாரி. உள்ளே 'கதைத் தேர்வு: ஆட்டோ ஓட்டுநர்' என்று போட்டிருந்தார்கள். அந்த வரியைப் படிக்க எனக்கு நேரமே ஆகவில்லை.

எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். தபாலிலும் போனிலும் கதை வரும். டீச்சர் தள்ளுபடி செய்தது போக மிச்சத்தை ஆட்டோவில் வைத்துப் படிப்பார், பக்கத்தில் கார் கம்பெனிக்காரருக்குப் படித்துக்காட்டுகிற மாதிரி. சோதனை என்று மற்றவர்களுக்குச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு கதைக்கும் மூன்று சவாரி. மூன்றுக்குள் ஒருத்தராவது தன் ஸ்டாப்பைத் தவறவிட்டால் கதை உள்ளே, இல்லாவிட்டால் மரியாதையாகக் கடிதம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவோம். டிரைவர் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு தடவை, வழக்கமான குரலில், கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிடாமல் ஏமாற்றக்கூடாது. தவறவிட்டவரைத் திரும்பும்போது சும்மா கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். இதழ் வந்ததும் அவர் கையில் ஒரு காப்பி. கடைசிப் பக்கத்தில் அவருக்கு நன்றி, பெயர் போடாமல். 'இந்தக் கதைக்காக ஸ்டாப்பைத் தவறவிட்டவர்: குரோம்பேட்டையில் இறங்க வேண்டிய, முருங்கைக்கீரைக் கட்டு வைத்திருந்த அம்மா.' இப்படி. எழுதினவர்கள் தங்கள் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பார்களாம். நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் ஒரு பொண்ணு, தன் கதைக்கு ஸ்டாப்பை விட்டவர் ஒரு போலீஸ்காரர் என்று தெரிந்ததும் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டிவிட்டாள்.

தப்பும் நடந்தது. சந்தோஷமான தப்புகள்.

ஒரு தடவை, பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே பூமி இழுக்கிற சக்தி காலையில் ரெண்டு மணி நேரம் இருக்காது என்று ஒரு கதை. அரசாங்கமே முன்கூட்டி அறிவிப்புக் கொடுக்கிறது, குழந்தைகளைக் கட்டி வையுங்கள், மாடியில் நிற்காதீர்கள் என்று. அந்த அறிவிப்பை டீச்சர் கிளாஸில் படிக்கிற மாதிரி கணீரென்று படித்துக்கொண்டிருக்கும்போது குரோம்பேட்டையில் ஒருத்தர் ஏறினார். ஆரம்பம் தெரியாது அவருக்கு. கொஞ்ச நேரம் கேட்டார். உடனே போனை எடுத்தார்.

"ஏய், நாளைக்குக் காலைல ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் கட்டாம். ... எது கட்டா? அது தெர்ல, கவர்மெண்டுல சொல்லிட்டாங்களாம், ஒரு மேடம் படிச்சிகினு கீறாங்க. எதுக்கும் நீ தண்ணி புடிச்சு வெச்சிரு. மோட்டார் போட்டுரு. பக்கத்து வூட்டுலயும் சொல்லிரு."

கார் கம்பெனிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். சொல்லிவிடலாம் என்று நான் திரும்புவதற்குள் அவர் நியூ காலனி முனையில் குதித்து ஓடிவிட்டார். மறுநாள் காலையில் அந்தத் தெரு முழுக்கக் குடமும் பக்கெட்டும் நிரம்பியிருந்தது. அன்றைக்குப் பார்த்து உண்மையிலேயே கரண்ட் போனது! எட்டு மணிக்குச் சரியாக வந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தத் தெருக்காரர்கள் என் ஆட்டோவைத் தேடி ஏறினார்கள், டீச்சர் இன்றைக்கு என்ன சொல்கிறார் என்று.

இன்னொன்று. எங்கள் வழக்கம் எப்படியோ எழுதுகிறவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. செவ்வாய்க் கிரகத்தில் இட்லி மாவு புளிக்குமா என்று கதை எழுதின ஒருத்தர் தன் மச்சானையே ஆட்டோவில் ஏற்றிவிட்டார். எங்களுக்குத் தெரியாது. மச்சான் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தார். டீச்சர் ரெண்டாம் பக்கம்கூடத் திருப்பவில்லை, அதற்குள் மச்சான் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார்.

"அய்யய்யோ! கதை கேட்டுகினே ஸ்டாப்ப வுட்டுட்டனே!"

நான் திரும்பிப் பார்த்தேன். "எந்த ஸ்டாப்பு?"

"குரோம்பேட்டை!"

"இது இன்னும் சானடோரியமே வர்லபா."

ஆட்டோவே சிரித்தது. அவர் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "என் அக்கா வூட்டுக்காரரு, இன்னா பண்றது. நேத்து கோழி அடிச்சு சோறு போட்டாரு" என்று மெதுவாகச் சொன்னார். டீச்சர் அவரை இறங்கவிடவில்லை. கதையை முழுசும் படித்தார். மாவு பொங்கி விண்கலத்தின் கதவை அடைத்துக்கொள்கிற இடம் வந்ததும் அந்த மச்சான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பல்லாவரம் தாண்டியது, பம்மல் தாண்டியது. கடைசியில் அனகாபுத்தூரில்தான் கண் விழித்த மாதிரி நிமிர்ந்தார். நடிக்க வந்தவர் நிஜமாகவே தவறவிட்டிருந்தார். கதை உள்ளே.

கொரோனா வந்து வண்டியெல்லாம் நின்றபோது பத்திரிகை நின்றுபோகும் என்றுதான் நினைத்தேன். டீச்சர் விடவில்லை. காலை பத்து மணிக்குத் தன்னோடு சர்ச்சுக்கு வருகிற பெண்களுக்குப் போன் போட்டுக் கதை படித்தார். அடுப்பில் குக்கரை வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்ற எண்ணிக்கை மறந்துபோனால் கதை தேறிவிட்டது என்று அர்த்தம். அந்த வருஷம் ஒரே ஒரு இதழ்தான் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், 'இந்தக் கதைக்காகப் பருப்பைக் குழைத்தவர்' என்று நாலு பேருக்கு நன்றி போட்டிருந்தது.

இப்படியே ஏழு வருஷம். பிறகு மூன்று பேருக்கும் ஒன்றாக நேரம் வந்தது. வெளியூர் பஸ்ஸெல்லாம் கிளாம்பாக்கத்துக்குப் போன சமயம். டீச்சர் ரிட்டயர் ஆகி இருந்தார், கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கு ரெண்டாவது குழந்தை. அங்கேயே போய் இருப்பதாக முடிவு. கார் கம்பெனிக்காரருக்கு ஓசூர் பக்கம் நல்ல வேலை. எனக்கு இடது மணிக்கட்டு. முப்பது வருஷம் கிளட்ச் பிடித்த கை, சாயங்காலமானால் டீ டம்ளரைக்கூடப் பிடிக்க விடவில்லை. வண்டியைக் கொடுத்துவிடு என்று என் மகன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

யாரும் அழவில்லை. டீச்சர் சொன்னார், "அண்ணா, கல்யாணம் முடிஞ்சா பந்தலப் பிரிக்கணும். அதுக்குப் போய் யாராவது மூஞ்சிய தூக்குவாங்களா? ஒரு நல்ல இதழ் போட்டுட்டு, கேசரி சாப்ட்டுட்டு முடிச்சுக்கலாம்."

கடைசி இதழுக்கு ஏழு கதை. ஆறு தேறிவிட்டது. ஒரு இடம் பாக்கி.

அந்த ஒரு இடம்தான் என் நெஞ்சில் உட்கார்ந்தது. ஏழு வருஷமாக அடுத்தவர் கதையைச் சுமந்து ஓட்டியவன். கேஸ் பங்க்கில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்குள்ளும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எழுதத் தெரியாது, அதனால் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் ஒரே ஒருத்தர், ஒரே ஒரு தடவை, ஸ்டாப்பைத் தவறவிட வேண்டும். வேறு ஆசை இல்லை.

கார் கம்பெனிக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மாடியில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல டைப் அடித்தார். "டீச்சருக்குச் சொல்லாதீங்க. அவங்க பாசத்துல போட்டுருவாங்க. மறைமலை நகர்லேர்ந்து யாரோ அனுப்புனதுன்னு சொல்லிருங்க" என்றேன்.

கதை இதுதான். தாம்பரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நூறு வருஷம் வருங்காலத்துக்குள் போகிறது. ஒருத்தி குரோம்பேட்டையில் இறங்குகிறாள், அங்கே தெருவெல்லாம் கண்ணாடி. ஒருத்தர் பல்லாவரத்தில் இறங்குகிறார், அங்கே ஏரோப்ளேன் வீட்டு வாசலில் நிற்கிறது. பம்மல் வருகிறபோது ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது, எல்லாம் மாறிவிட்டது, தண்ணீர் டேங்க் ஸ்டாப் எதிரில் ரோட்டில் இருக்கும் பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு ஆள் மட்டும் இறங்கவே மாட்டேன் என்கிறான். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எட்டிப் பார்த்து, 'இது இல்ல, அடுத்தது' என்கிறான். அவன் எங்கே இறங்கினான் என்பதுதான் முடிவு.

கணக்கு இடிக்கிறது என்று டைப் அடிக்கும்போதே கார் கம்பெனிக்காரர் சொன்னார், தாம்பரத்திலிருந்து பம்மலுக்குப் பத்து ஸ்டாப் வராதே என்று. "நீங்க எண்ணாதீங்க, நான் ஓட்றவன், எனக்குத் தெரியும்" என்றேன்.

முதல் சவாரி. டீச்சர் படித்தார். ரெண்டு பேர் மறைமலை நகரில் மனை வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். எல்லோரும் அவரவர் ஸ்டாப்பில் ஒழுங்காக இறங்கினார்கள். ஒருத்தர் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்தார்! அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நான் ஹார்ன் அடித்தேன், காரணமே இல்லாமல்.

ரெண்டாவது சவாரியில் மழை. படுதாவை இழுத்துப் பிடிப்பதிலேயே ஜனங்களுக்குக் கை போதவில்லை. கதை மழையில் கரைந்துபோயிற்று.

மூன்றாவது சவாரிக்கு முன்னால் டீ குடிக்க முடியவில்லை எனக்கு. மத்தியானம் மூன்று மணி. பின்னால் டீச்சர், கார் கம்பெனிக்காரர், ஒரு வயசான தம்பதி, காலேஜ் பையன் ஒருத்தன் காதில் வயரோடு. சானடோரியத்தில் ஒரு அக்கா ஏறினாள். ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கின மிக்ஸி ஜாரை மடியில் வைத்துக்கொண்டு, "பம்மல் டேங்க்" என்று சொல்லி உட்கார்ந்தாள். ஏறும்போதே யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தாள். போச்சு, இன்றைக்கும் போச்சு என்று நினைத்தேன்.

டீச்சர் ஆரம்பித்தார். போன் பேச்சு கொஞ்சம் தணிந்தது. பிறகு, "சரி சரி, அப்பால பேசறன்" என்று கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். போன் ஜாருக்குள் கிடந்தது.

தம்பதி குரோம்பேட்டையில் இறங்கினார்கள். பையன் பல்லாவரத்தில் இறங்கினான். வண்டி பம்மலுக்குள் நுழைந்தது. கதையிலும் அதே நேரம் பம்மல் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சமயம் எனக்குள் ஒரு திருட்டுப் புத்தி எழுந்தது. மெதுவாகக் கூப்பிட்டால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது? உடனே அந்த வாழைக்காய்க்காரர், முருங்கைக்கீரை அம்மா, இட்லி மாவு மச்சான் எல்லோரும் வரிசையாக வந்து என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பயத்தில் என் குரல் எனக்கே தெரியாமல் ஏறிவிட்டது.

"டேங்க்! டேங்க்! பம்மல் டேங்க் எறங்குறவங்கோ!"

கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. பூக்காரம்மா எழுந்தே நின்றுவிட்டாள். நான் வண்டியை நிறுத்தினேன். வழக்கமாக நிற்பதைவிட அதிகமாகவே நின்றேன். பள்ளத்துக்குப் பக்கத்திலேதான் நின்றேன்.

மிக்ஸி ஜார் அசையவில்லை.

கியரைப் போட்டேன். மணிக்கட்டு வலிக்கவில்லை. அதற்கப்புறம் ரோடு எப்படிப் போயிற்று என்று தெரியாது. டீச்சர் குரல் கேட்டதுதான் தெரியும்.

"அண்ணா! என் வீடு தாண்டிட்டீங்க! அண்ணா!"

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக டிரைவரே ஸ்டாப்பை விட்டுவிட்டான். பிரேக் போட்டேன். அந்த உலுக்கலில்தான் அக்கா வெளியே பார்த்தாள்.

"யோவ், இன்னாயா இது? ஆத்துப் பாலமே வந்துடுச்சு! டேங்க் இன்னா ஆச்சு?"

"கொரல் குடுத்தனே அக்கா."

"குடுத்தியா?" கார் கம்பெனிக்காரரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். "எனுக்குக் கேக்கவே இல்லியே. இந்தம்மா படிச்சதுதான் கேட்டுச்சு." இறங்கினாள். நான், "இருங்க அக்கா, சும்மாவே திரும்ப வுட்டுர்றன்" என்று சொல்வதற்குள் பின்னால் ஒரு பஸ் ஹார்னை அமுக்கிவிட்டது. எதிர்ப்பக்கம் பம்மலுக்குப் போகிற ஆட்டோ ஒன்று வந்தது. அதில் ஏறப் போனவள், ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு திரும்பிக் கத்தினாள்.

"அந்த ஆளு கடைசீல எங்கதான்யா எறங்குனான்?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பஸ் மறுபடி அலறியது. ஆட்டோ போய்விட்டது.

வண்டியை ஓரம் கட்டினேன். டீச்சர் இறங்கி என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "இந்தக் கதை யார் எழுதினது?"

"மறைமலை நகர் ஆளு, டீச்சர்."

"மறைமலை நகர் ஆளுக்கு டேங்க் எதிர்ல இருக்கிற பள்ளம் எப்படித் தெரியும்?"

நான் கார் கம்பெனிக்காரரைப் பார்த்தேன். அவர் ஆகாயத்தைப் பார்த்தார்.

"முதல் சவாரியிலயே தெரியும் அண்ணா. ஆனா மூணு தடவையும் ஒரே மாதிரிதான் படிச்சேன். ஒரு வார்த்தைகூட அழுத்திப் படிக்கல. கர்த்தர்மேல ஆணை."

"ஆணையெல்லாம் இன்னாத்துக்கு டீச்சர். எனுக்குத் தெர்யாதா?" என்றேன். சிரிப்புதான் வந்தது. மூன்று பேரும் ஆற்றுப் பாலத்தின் ஓரம் நின்று பைத்தியம் மாதிரி சிரித்தோம். சைக்கிளில் போன ஒருத்தர் இறங்கி, "இன்னா சார், லாட்டரியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசி இதழ் வந்த அன்று தாம்பரம் ஸ்டாண்டில் டிரைவர்களுக்கெல்லாம் கேசரி. டீச்சர் வீட்டில் செய்து தூக்கில் கொண்டுவந்தார், முந்திரி கொட்டிக் கிடந்தது. காப்பிகளை ஒவ்வொரு ஷேர் ஆட்டோவின் சீட்டிலும் ஒன்றாகப் போட்டு அனுப்பினோம். எடுத்தவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று. ஒரு டிரைவர் கேட்டான், "தல, இத்த படிச்சிட்டு எல்லாரும் ஸ்டாப்ப வுட்டா என் டிரிப்பு இன்னா ஆவறது?" இருந்தாலும் ரெண்டு காப்பி எடுத்துக்கொண்டான்.

என் கதை முப்பத்தொன்றாம் பக்கம். அதை நானே படித்தேன், யாரும் படித்துக்காட்டாமல். மூன்று டீ ஆறியது. கடைசிப் பக்கத்தில் இருந்தது: 'இந்தக் கதைக்காக ஸ்டாப்பைத் தவறவிட்டவர்: பம்மல் டேங்கில் இறங்க வேண்டிய, மிக்ஸி ஜார் வைத்திருந்த அக்கா.' அதற்குக் கீழே டீச்சர் எனக்குச் சொல்லாமல் இன்னொரு வரி சேர்த்திருந்தார். 'மற்றும் ஓட்டுநர்.'

வண்டியைக் கொடுத்துவிட்டேன். இப்போது நானும் ஷேர் ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்துதான் போகிறேன். வாரத்துக்கு ரெண்டு தடவையாவது டேங்க் ஸ்டாப்பில் இறங்கிப் பார்க்கிறேன். மிக்ஸி ரிப்பேர் கடையிலும் கேட்டுவிட்டேன். "ஜார் வெச்சிருந்த அக்கான்னா எத்தினி அக்கா சார்" என்கிறான் கடைக்காரன். அவள் காப்பி மஞ்சள் பையில் பத்திரமாக இருக்கிறது. எல்லாருக்கும் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. இது ஒன்றுதான் பாக்கி. ஓட்டுநரின் வேலையில் இதையும் சேர்த்துத்தான் கணக்கு. ஏற்றியவரை எங்காவது இறக்க வேண்டும், அவள் இன்னும் பாதிக் கதையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். பம்மல் பக்கம் போனால், ஆட்டோவிலோ, ரேஷன் கடை வரிசையிலோ, கல்யாண மண்டபத்திலோ, 'ஒரு தடவை கதை கேட்டுகினே டேங்க்க வுட்டுட்டன்' என்று யாராவது ஒரு அக்கா சொல்லிக்கொண்டிருந்தால், அவளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் போகாவிட்டால் போகிறவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். அந்த ஆள் இறங்கிவிட்டான். கடைசி ஸ்டாப்பில் ஆட்டோ திரும்பியதும் வருஷமும் கூடவே பின்னால் திரும்பி ஓடியது. ஏறின அதே தாம்பரம் ஸ்டாப்பில்தான் இறங்கினான், ஏறினதற்கு ஒரு நாள் முன்னாடி. சவாரி அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. மறுநாள் அதே ஆட்டோ வரும், மறுபடி ஏறலாம் என்று அங்கேயே நின்றுகொண்டிருக்கிறான். மறக்காமல் சொல்லிவிடுங்கள்.